எண்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்

திருவொற்றியூர்,
9.3.2007

ராயபுரம் ஃபரா டிவிடி சென்டர் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் மாசானம். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் முத்தாரம்மன் வீடியோஸ் என்று கடை வைத்திருக்கிறேன். முதலில் கேசட் வாடகைக்கு விட்டேன். கேசட் போன பிறகு விசிடி. நீங்கள் ராயபுரத்தில் டிவிடி கடை திறந்தபோது நான் ஒன்றும் நினைக்கவில்லை. அது வேறு ஆட்களுக்கான சரக்கு என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் காலடிப்பேட்டை மார்க்கெட் வாசலில் உங்கள் போர்டைப் பார்த்தேன். ‘எந்தப் படமும் எண்பது ரூபாய். பாதிப் படத்தில் எழுந்து போய் தட்டு மாத்த வேண்டாம்.’ நேற்று வரை நூற்றைம்பதுக்கு விற்ற டிவிடி இன்று எண்பது. என் விசிடி அறுபது, ஆனால் ஒரு படத்துக்கு இரண்டு தட்டு.

நீங்கள் நூற்றைம்பதில் இருந்தபோது தினக்கூலி வாங்குகிறவர் என்னிடம் வந்தார், மாதச் சம்பளம் வாங்குகிறவர் உங்களிடம் வந்தார். இரண்டு கடையும் ஓடியது. இருபது ரூபாய்தான் வித்தியாசம் என்றால் தினக்கூலிக்காரரும் யோசிப்பார். அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச டிவி கொடுத்துக்கொண்டிருக்கிற நேரம் இது. டிவி வந்த வீட்டில் அடுத்து பிளேயர்தான் வாங்குவார்கள். இந்த நேரம் பார்த்து விலையை உடைத்தால் ஒரு கடை நிற்காது. அது எந்தக் கடை என்று உங்களுக்கும் தெரியும்.

நூற்றிருபதுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒரே தொழிலில் இருக்கிறவர்கள் என்ற முறையில் கேட்கிறேன்.

பதிலைத் தபாலில் அனுப்பவும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சு. மாசானம்


ராயபுரம்,
15.3.2007

மாசானம் அண்ணாச்சிக்கு,

நான் தான் ஓனரு. பேரு சாபிரா. ஃபரா எம்பொண்ணு. கட்டிக்குடுத்து வாணியம்பாடில கீறா.

உங்க லெட்டரு கோர்ட்டு நோட்டீஸ் கணக்கா கீது. தலைப்புல போன் நம்பர அச்சடிச்சி வெச்சிக்கினு போன் பண்ணாதேன்னா இன்னா அர்த்தம்? நான் பண்ணேன். எடுக்குறீங்க, கம்முனு கீறீங்க. பின்னாடி பாட்டு ஓடுது, மூச்சு விடுற சத்தம் கேக்குது, பேச்சு மட்டும் வர்ல. ஒரு பொம்பளகிட்ட வெல பேசுறது கவுரவக் கொறச்சல்னா, எழுதறப்ப மட்டும் அந்த கவுரவம் எங்க போச்சு?

வெல மேட்டருக்கு வரேன். எனுக்கு சரக்கு குடுக்குறது பம்பாய் கம்பெனி. அவங்க ஆளு வந்து குந்தி வெளக்கமா சொல்லிட்டு போனான். டிவிடி பிளேயரு முன்ன ஆறாயிரம் வித்துச்சு, இப்ப சீனா சரக்கு ரெண்டாயிரத்துக்கு கெடைக்குது. ஒரு வூட்டுக்குள்ள எந்த பிளேயரு மொதல்ல நொழையுதோ, அந்த வூடு அப்பால அஞ்சு வருசத்துக்கு அந்த தட்ட தான் வாங்கும். அதனால இப்பத்திக்கு தட்டுல லாபம் பாக்காத, வூட்ட புடின்னு சொன்னான். சரின்னு பட்டுச்சு. நூத்தம்பதுல நாளைக்கு ரெண்டு தட்டு போச்சு. எம்பதுல முப்பது போவுது. உங்குளுக்கோசரம் நான் ஏன் ரெண்டு தட்டு வித்துக்கினு ஈ ஓட்டணும்?

கூலிக்காரன் உனுக்கு, சம்பளக்காரன் எனுக்குன்னு பங்கு பிரிச்சீங்களே, அத படிச்சிட்டு தான் கோவமே வந்துச்சு. கூலிக்காரன் பொண்டாட்டி நல்ல பிரிண்ட்டுல படம் பாக்கக் கூடாதா? அவ மட்டும் கதாநாயகி அழுவுற நேரத்துல எழுந்து போயி தட்டு மாத்திக்கினு இருக்கணுமா?

எம்பது தான். இஷ்டமிருந்தா நீங்களும் எறங்குங்க.

சாபிரா


திருவொற்றியூர்,
24.3.2007

சாபிரா அம்மா அவர்களுக்கு,

தொலைபேசி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எனக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அது வழியாகத்தான். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். பேச்சு வராது. மணி அடித்தால் பழக்கத்தில் கை போய் எடுத்துவிடுகிறது. எடுத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. யாரையும் குறைவாக நினைக்கிற ஆள் இல்லை நான்.

கடையில் ஒரு சிலேட்டு வைத்திருக்கிறேன். விலையை எழுதிக் காட்டுவேன். முன்பெல்லாம் ஒரு படம் வாங்க வந்தவரைப் பேசிப் பேசியே நாலு படத்தோடு அனுப்புவேன். சாத்தான்குளத்திலிருந்து வந்த வாய் என்று தெருவில் கேலி செய்வார்கள். இப்போது யாராவது பேரம் பேசினால் விலைக்குக் கீழே ஒரு கோடு போடுகிறேன். இரண்டாவது கோடு போட்டால் போய்விடுகிறார்கள்.

மனைவி தவறி நாலு வருடம் ஆகிறது. பிள்ளை கிடையாது. ஷட்டரை இறக்கும்போது யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க நான் சொன்னது எல்லாம் எண்கள்தான். உங்களுக்கு எழுதியதுதான் ரொம்ப நாளைக்குப் பிறகு நான் எழுதிய முழு வாக்கியம். பழக்கம் விட்டுப்போய் நோட்டீஸ் மாதிரி ஆகியிருக்கும்.

நீங்கள் இரக்கப்படுவதற்காக இதை எழுதவில்லை. தினக்கூலிக்காரர் மனைவியைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம். ஆனால் நானும் சாப்பிட வேண்டும். நாளை முதல் என் விசிடி நாற்பத்தைந்து.

சு. மாசானம்


ராயபுரம்,
2.4.2007

அண்ணாச்சி,

லெட்டர படிச்சிட்டு கல்லாவாண்ட அப்டியே குந்திக்கினேன். ஒரு ஆளு வந்து கூப்புட்டுக்கினே கீறான், எனுக்கு காதுல வுழல. தப்பா பேசிட்டேன். எனுக்கு வாயி நீளம். மனசுல வெச்சிக்காதீங்க.

ஆனா நீங்க மட்டும் லேசுப்பட்ட ஆளா? மேல மூணு பாரா நெஞ்சு வலிக்கிறா மாதிரி எழுதிட்டு, கடைசில நாப்பத்தஞ்சுன்னு ஒரே போடா போட்டீங்களே. படிச்சிக்கினே வந்து அந்த எடத்துல சிரிச்சிட்டேன். நெஜமா.

சரி, என் பதிலடிய கேட்டுக்குங்க. பிளேயரு ஆயிரத்தி தொள்ளாயிரம். அத்தோட பத்து தட்டு சும்மா. பிளேயர்ல எனுக்கு நஷ்டம் தான். தெரிஞ்சி தான் செய்றேன். எண்ணூர்ல, மணலில இலவச டிவி குடுத்த தெருவா பாத்து நோட்டீஸ் ஒட்டிக்கினு வரேன்.

நானும் ஒண்டி தான் அண்ணாச்சி. எங்கூட்டுக்காரு கப்பல்ல சமையக்காரு. கப்பலு எத்தினியோ வாட்டி ஹார்பருக்கு வந்து போச்சு, அவரு வர்ல. பினாங்குல வேற குடும்பம் கீதுன்னு அவரு தோஸ்து ஒருத்தரு சொன்னாரு. ஃபராவ நானே வளத்து நானே கட்டிக்குடுத்தேன். கீழ கடை, மேல ஒரு ரூமு. ஹார்பர்ல நெலக்கரி எறக்குறப்ப காத்து இந்தாண்ட அடிச்சா தட்டு மேலல்லாம் கரி. தொடச்சிக்கினே இருப்பேன். பேச ஆளு இல்லாதப்ப தொடைக்கிறது ஒரு வேல.

பதில் போடுங்க. வெலைய பத்தி தான் எழுதணும்னு இல்ல.

சாபிரா


திருவொற்றியூர்,
11.5.2007

சாபிரா அம்மா அவர்களுக்கு,

உங்கள் பத்துத் தட்டு திட்டத்தால் இந்த மாதம் என் வியாபாரம் பாதியாகிவிட்டது. அதனால் உங்கள் பிளேயர் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். நான் வந்தால் கழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று வண்ணாரப்பேட்டை மொத்த வியாபாரி ராசையாவை அனுப்பினேன். அவர் பேரம் பேசியும் நீங்கள் ஐம்பது ரூபாய் கூட விட்டுக்கொடுக்கவில்லையாம். நல்லது.

கடையை மூடிக்கொண்டு சோதித்தேன். உங்கள் பிளேயரில் என் விசிடி நன்றாக ஓடுகிறது. என் விசிடி பிளேயரில் உங்கள் டிவிடி ஓடாது. இது தெரிந்த விஷயம்தான், ஆனால் இதுவரை இதை எனக்கு வந்த கேடு என்று மட்டுமே நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. நீங்கள் நஷ்டப்பட்டு ஒரு வீட்டுக்குள் வைக்கிற ஒவ்வொரு பிளேயரும் என் சரக்குக்கும் கதவு திறக்கிறது. அவர்கள் வாங்குகிறார்களா இல்லையா என்பது விலை வித்தியாசத்தைப் பொறுத்தது. உங்களிடம் புதுப் படம்தான் இருக்கிறது. என்னிடம் முப்பது வருடத்துப் பழைய படம், பக்திப் படம், நகைச்சுவைத் தொகுப்பு எல்லாம் இருக்கிறது. பழைய படத்துக்கு எண்பது ரூபாய் யாரும் தரமாட்டார்கள். நாற்பத்தைந்து தருவார்கள்.

எண்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் முப்பத்தைந்து ரூபாய் இருக்கிறது. அந்த இடைவெளியை இரண்டு பேரும் காப்பாற்றினால் இரண்டு பேரும் பிழைக்கலாம். நீங்கள் இறங்கினால் நானும் இறங்க வேண்டும், நான் இறங்கினால் நீங்கள். கடைசியில் எங்கே போய் நிற்போம்?

ஒருவருக்கு ஒருவர் சொல்லாமல் விலையைத் தொடுவதில்லை. இவ்வளவுதான் ஒப்பந்தம். சம்மதமா?

சு. மாசானம்

பி.கு. பிளேயர் என்னிடமே இருக்கிறது. நேற்று உங்கள் இலவசத் தட்டில் ஒரு படம் பார்த்தேன். நடுவில் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் போரடித்தது. தட்டு மாற்ற எழுந்தால் ஒரு டீ போட்டுக்கொள்வேன்.


ராயபுரம்,
19.5.2007

அண்ணாச்சி,

சம்மதம். சத்தியமா.

ராசையாவ நீங்க தான் அனுப்புனீங்களா! அந்த ஆளு பிளேயர தலகீழா திருப்பி திருப்பி பாக்க சொல்லவே டவுட்டு ஆனேன். உஷாரான பார்ட்டி தான் நீங்க.

இனிமே பழைய படம் கேட்டு வர்றவங்கள தேரடிக்கி அனுப்பறேன். கடைக்காரு பேச மாட்டாரு, ஆனா நல்ல மனுசன், வெலைக்கி கீழ கோடு போட்டா மேல பேசாதீங்கன்னு சொல்லி தான் அனுப்புவேன்.

சாபிரா


திருவொற்றியூர்,
18.11.2007

சாபிரா அம்மா அவர்களுக்கு,

தீபாவளி வியாபாரம் முடிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி ஒரு தீபாவளி எனக்கு வரவில்லை. நீங்கள் அனுப்பிய ஆட்கள் மட்டுமே ஒரு பெட்டி எடுத்திருப்பார்கள். அதில் ஒரு அம்மா, ‘ராயபுரத்து பாயம்மா சொல்லிச்சு, உங்ககிட்ட சைகைல பேசணும்னு’ என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். வெட்கப்பட்டுப் போனார். அப்புறம் உட்கார்ந்து அரை மணி நேரம் தன் மருமகளைப் பற்றிச் சொன்னார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற நம்பிக்கைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

போன ரம்ஜானுக்கு நீங்கள் அனுப்பிய பிரியாணியைப் பற்றி அப்போதே எழுதியிருக்க வேண்டும். கறியை அவ்வளவு மெத்தென்று வேக வைத்திருந்தீர்கள். யோசித்துச் செய்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன்.

ஒரு யோசனை கேட்க வேண்டும். ராசையா விசிடியைக் கைவிடுகிறார். மெமரி கார்டு, சார்ஜர் என்று போகப் போகிறாராம். குடோனில் இருக்கிற மொத்த விசிடியையும் என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், பதினைந்து ரூபாய் வீதம். நாற்பத்தைந்தில் நிற்கும் வரை அது நல்ல விலை. பொங்கலுக்கு முன்னால் எடுக்கலாம் என்று இருக்கிறேன். என் கையில் இருப்பதெல்லாம் அதில் போய்விடும். இடைவெளி நிற்குமா? நீங்கள் சொல்லுங்கள்.

சு. மாசானம்


ராயபுரம்,
27.11.2007

அண்ணாச்சி,

எடுங்க. நான் கீறேன். எம்பத விட்டு எறங்க மாட்டேன்.

கறி வெந்துச்சான்னு கேக்கணும்னு அப்ப இருந்தே நெனச்சிக்கினு இருந்தேன். கேக்க கூச்சமா இருந்துச்சு.

சாபிரா


ராயபுரம்,
5.1.2008

அண்ணாச்சி,

இத்த பாத்தவொடனே படிங்க. இன்னிக்கி கம்பெனி பொட்டி வந்துச்சு. ஒடச்சா, தட்டு கவரு மேலயே வெல அச்சடிச்சி கீது. முப்பத்தஞ்சு ரூபா. டிவிடி முப்பத்தஞ்சு! பழைய சரக்குக்கும் ஒட்டுறதுக்கு ஸ்டிக்கரு குடுத்து அனுப்பிக்கிறான்.

போன் போட்டு கத்துனேன். அந்த ஆளு சிரிக்கிறான். “மேடம், ஒரு வருசமா வூட்ட புடிச்சோம், இப்ப விசிடிய முடிக்கணும். விசிடிய விட டிவிடி வெல கம்மின்னா எவன் விசிடி வாங்குவான்?”ங்கறான். நான் ஒருத்தருக்கு வாக்கு குடுத்துக்கிறேன்னு சொன்னேன். யாருன்னான். சொல்லல. ஒத்துக்கலன்னா ஏஜென்சிய வண்ணாரப்பேட்டைல வேற ஆளுக்கு மாத்திடுவானாம். அச்சடிச்ச வெலைக்கி மேல ஒரு ரூபா கூட வாங்க முடியாது அண்ணாச்சி, கேஸு ஆயிடும்.

ராசையா குடோன எடுக்காதீங்க. நான் எடுங்கன்னு சொன்னத மறந்துடுங்க. பொங்க சரக்கு ஒண்ணியும் வாங்காதீங்க.

சாபிரா


திருவொற்றியூர்,
10.1.2008

சாபிரா அம்மா அவர்களுக்கு,

திங்கட்கிழமை காலையில் ராசையாவின் குடோனை எடுத்தேன். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது.

வாசல் வரை அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. நான் உள்ளே போக வேண்டும் என்றால் இரண்டு பெட்டியைத் தெருவில் இறக்கிவைக்க வேண்டும். இன்று காலை ஒருவர் வந்து, ராயபுரத்தில் டிவிடியே முப்பத்தைந்து, நீ என்ன நாற்பத்தைந்து சொல்கிறாய் என்று சிரித்தார்.

விலையை அச்சடித்தது நீங்கள் இல்லை. அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை பெட்டி வந்ததும் எழுதி, கவரில் போட்டு, ஒட்டி, தபால் பெட்டிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. மணி அடித்தால் எடுப்பேன் என்றும் தெரியும். ஒரு வார்த்தை, எடுக்காதீங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குப் பேச்சுதான் வராது. காது கேட்கும்.

பத்து மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ஊர்க்காரர்கள் கையை ஆட்டிப் பேசினால் எனக்கு ஒன்றும் தோன்றாது. நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள்.

மாசானம்


ராயபுரம்,
16.1.2008

அண்ணாச்சி,

போன் பண்ணாதேன்னு மொத லெட்டர்ல நீங்க தான் எழுதினீங்க.

இல்ல. அது சாக்கு. அன்னிக்கி நான் போன கைல எடுத்தேன். நம்பரும் அழுத்துனேன். நான் ஒண்டியா பேசிக்கினே கீறப்ப, நீங்க அந்தாண்ட மூச்சு மட்டும் வுட்டுக்கினு நிக்கணுமே, அது உங்குளுக்கு நோவுமேன்னு வெச்சிட்டேன். மருவாதின்னு நெனச்சி செஞ்சேன். அது மருவாதி இல்லன்னு உங்க லெட்டர பாத்து தான் தெரிஞ்சிது.

இனிமே போன் பண்றேன். எடுங்க.

சாபிரா


ராயபுரம்,
30.3.2008

அண்ணாச்சி,

இதோட அஞ்சாவது லெட்டரு. போனும் பண்ணிக்கினு தான் கீறேன். எடுக்குறீங்க, நான் பேசறேன், முடிச்சதும் வெக்கிறீங்க. கேட்டீங்களா, இல்ல போன மேசை மேல வெச்சிட்டு போயிட்டீங்களா, எனுக்கு தெரியாது. ஒருவாட்டி இருமலு கேட்டுச்சு. அன்னிக்கி கொஞ்சம் சோறு எறங்குச்சு.

விசிடிய பத்துக்கு குடுக்குறீங்கன்னு கேள்விப்பட்டேன். வாங்குன வெலைய விட கம்மி. எனுக்கு கோவமா ஒரு வரி எழுதுங்க. நோட்டீஸ் மாதிரி இருந்தாலும் பரவால்ல.

சாபிரா


ராயபுரம்,
22.7.2008

அண்ணாச்சி,

உங்க நம்பரு ரெண்டு மாசமா அடிக்கவே இல்ல. அதான் நேத்து தேரடிக்கி வந்தேன். இத்தினி நாளா எழுதறோம், நான் உங்க கடைய பாத்ததே இல்ல. ஷட்டரு போட்டு கீது. போர்டுல முத்தாரம்மன் மட்டும் நிக்கிறா, வீடியோஸ் பேந்துடுச்சு. பக்கத்துல டெய்லர் கட வெச்சிக்கிற ஆறுமுகநயினாரு தான் சொன்னாரு, நீங்க காலி பண்ணிட்டு வள்ளூர் போயிட்டீங்கன்னு. அட்ரஸ்ஸ தைக்கிற சாக்பீசால ஒரு துணில எழுதி குடுத்தாரு. அத பாத்து தான் இத எழுதறேன்.

உங்க மூஞ்சி எப்டி இருக்கும்னு அவர்கிட்ட கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

சாபிரா


வள்ளூர்,
9.8.2008

சாபிரா அம்மா அவர்களுக்கு,

நீங்கள் தேரடிக்கு வந்ததாக நயினார் சொன்னார். வெயிலில் ரொம்ப நேரம் நின்றீர்களாம்.

போனில் பேசியதை எல்லாம் கேட்டேன். ஒரு நாளும் கீழே வைக்கவில்லை. ஃபராவுக்குக் குழந்தை பிறந்தது, மொஹ்சின் என்று பெயர் வைத்தது, கரி படிந்த தட்டைத் துடைத்துத் துடைத்து உங்கள் விரல் வெடித்தது, எல்லாம் தெரியும். பதில் எழுத உட்காருவேன். முதல் வரியில் கோபம் வரும், இரண்டாவது வரியில் அது போய்விடும், மூன்றாவது வரி வராது. அதனால் அனுப்பவில்லை.

விசிடியில் பாதியைப் பத்து ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் தள்ளினேன். மீதி கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போனது. எடை போடும்போது நான் பார்க்கவில்லை.

இங்கே அனல்மின் நிலையம் கட்டுகிறார்கள். ஒரிசா, பீகார் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். அவர்கள் தங்குகிற தகரக் கொட்டகைகளுக்கு எதிரில் செல்போன் ரீசார்ஜ் கடை போட்டிருக்கிறேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குப் பேச்சு வராது. விரலைக் காட்டுகிறார்கள், நானும் விரலைக் காட்டுகிறேன். நான் ஊமை என்று இங்கே நிறையப் பேருக்கு இன்னும் தெரியாது. அது ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை என் கடை வாசலில் நின்றுதான் வீட்டுக்குப் பேசுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில், சத்தமாக. மொழி புரியாவிட்டாலும் யார் மனைவியிடம் பேசுகிறார், யார் அம்மாவிடம் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். பேசி முடித்ததும் எல்லோரும் சேர்ந்தாற்போல் அமைதியாகிவிடுவார்கள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கடையில் இருக்கப் பிடிக்காது.

பத்து ரூபாய் கார்டு எல்லாக் கடையிலும் பத்து ரூபாய்தான். விலையைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. உங்களோடு சண்டை போட்ட நாட்களில் அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுந்திருப்பேன். இப்போது அந்த வேலையும் இல்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்தது.

மாசானம்


ராயபுரம்,
14.6.2009

அண்ணாச்சி,

எனுக்கும் முடிஞ்சிது. கம்பெனிக்காரன் மளிக கட, பெட்ரோல் பங்கு, மெடிக்கலு, எல்லா எடத்துலயும் தட்ட தொங்க வுட்டுட்டான். எனுக்கு எந்த வெலைக்கி குடுக்குறானோ, பங்குல ஜனத்துக்கு அதே வெலைக்கி குடுக்குறான். ஏன்டா இப்டின்னு கேட்டேன். “மேடம், இனிமே தனியா ஒரு கடை எதுக்கு?”ன்னான். உங்கள முடிக்கிறதுக்கு என்னைய யூஸ் பண்ணிக்கினான். முடிஞ்சதும் என்னையும் எறக்கி வுட்டான். அதுக்கும் மேல, வர்ற பசங்கல்லாம் நகம் அளவு கார்டுல படம் ஏத்தி குடுப்பியான்னு கேக்குறானுங்க. தட்டே வேணாமாம். ராசையா தான் கெட்டிக்காரு.

ஃபரா வந்துடும்மான்னு கூப்புடறா. கடைய குடுத்துட்டேன். மேல ரூம மட்டும் விடல, பூட்டி வெச்சிக்கிறேன். வர்ற வெள்ளிக்கெழம கெளம்பறேன். அட்ரஸ் கீழ எழுதிக்கிறேன்.

சாபிரா


வள்ளூர்,
20.6.2009

சாபிரா அம்மா அவர்களுக்கு,

மகளோடு இருப்பது நல்லது. பேரனுக்குக் கதை சொல்லுங்கள், உங்களுக்குப் பேச ஆள் கிடைத்தது.

நேற்று நீங்கள் கிளம்பும்போது சென்ட்ரலுக்கு வந்திருந்தேன். எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. பச்சை நிற பர்தாவில் ஒரு அம்மா, போர்ட்டரிடம் கூலிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். குரலை வைத்து நீங்கள்தான் என்று கண்டுபிடித்தேன். கிட்டே வரலாம் என்று நினைத்தேன். அவ்வளவு கூட்டத்தில் சிலேட்டை எடுத்து எழுதிக்கொண்டு நிற்க மனசு வரவில்லை. போர்ட்டர் இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார். நான் திரும்பிவிட்டேன்.

மாசானம்


வாணியம்பாடி,
3.2.2010

அண்ணாச்சி,

நீங்க ஸ்டேஷனுக்கு வந்த லெட்டர படிச்சிட்டு ஏழு மாசமா கோவத்துல தான் எழுதல. பத்தடி தூரத்துல நின்னுட்டு போயிக்கிறீங்க. சிலேட்டு எதுக்கு? முன்னாடி வந்து நின்னா போதாதா? மிச்சத்த நான் பேச மாட்டேனா? நான் போன் பண்ணாததுக்கு அவ்ளோ கோச்சிக்கினீங்களே, அந்த கோவம் இப்ப எனுக்கு. ரெண்டு பேருக்கும் கணக்கு சரியாப் போச்சுன்னு வெச்சிக்குங்க.

இங்க நல்லா தான் பாத்துக்குறாங்க. மருமவன் தங்கம். வூட்ல பெரிய டிவி, டிஷ் ஆன்டெனா. யாரும் தட்டு போட்டு படம் பாக்கறதில்ல. சம்பந்தி அம்மா நான் வாய தொறந்தா சிரிக்கிறாங்க. மெட்ராஸ் பாஷைய திருப்பி திருப்பி சொல்ல சொல்லி பக்கத்து வூட்டுக்காரங்களுக்கு காட்றாங்க. கெட்ட மனசு இல்ல, வேடிக்க தான். ஃபரா தான் சங்கடப்பட்டு, கொஞ்சம் மெதுவா பேசும்மான்னா. மெதுவா பேச ஆரம்பிச்சேன். அப்பால கொறச்சலா பேச ஆரம்பிச்சேன். இப்பல்லாம் தொழுதுட்டு, சோத்த துன்னுட்டு, புள்ளைய தூக்கி வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கேன். சில நாளு சாய்ங்காலம் ஆயிடும், அன்னிக்கி நான் இன்னா பேசினேன்னு யோசிச்சா ஒண்ணியும் ஞாபகத்துக்கு வராது. இத்த யார்கிட்ட சொல்றது? சொன்னா புரியற ஆளு நீங்க ஒருத்தரு தான்.

முந்தாநாளு ஃபராகிட்ட சொன்னேன், நான் ராயபுரத்துக்கே போறேன்னு. இடியாப்பம் பண்ணி டீக்கடைங்களுக்கு போட்டா ஒரு வயிறு நெறையாதா? அவ அழுதா. இங்க இன்னாம்மா கொறச்சல்னா. கொறச்சல் ஒண்ணியும் இல்லன்னேன். “அங்க யாரும்மா கீறாங்க உனுக்கு?”ன்னு கேட்டா.

அவள தூங்கு போன்னு அனுப்பிட்டு, ரெண்டு நாளா யோசிச்சிட்டு, இப்ப உங்குளுக்கு எழுதிக்கினு கீறேன்.

பதினெட்டாம் தேதி ராயபுரம் வந்துடுவேன். ரூம தொறந்து கரிய தொடைக்கவே ரெண்டு நாளு ஆவும். அதுக்கப்பால வர்ற ஞாயித்துக்கெழம, அந்த ஒரிசா பசங்கல்லாம் பேசி முடிச்சிட்டு கம்முனு ஆவாங்களே, அந்த நேரத்துக்கு உங்க கடைக்கி வரேன். வள்ளூருக்கு எந்த பஸ்ஸு, எங்க எறங்கணும்னு எழுதுங்க.

சாபிரா